மக்கள் பிரதிநிதியின் ஊதியமும் அமானிதமும்

 

"ஊர்ப்பணி செய்ய வந்தவர்களுக்குச் சம்பளம் எதற்கு? சேவைக்கு வந்தவர்கள் சேவையாகவே செய்துவிட்டுப் போகட்டுமே!" நகர்மன்ற உறுப்பினர்களுக்கும் மேயர்களுக்கும் மாத ஊதியம் வழங்கப்படுகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் இப்பேச்சு எழுகிறது. தேநீர்க் கடையிலும் எழுகிறது. ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று பேசும்போதும் எழுகிறது. கேட்பதற்கு இக்கருத்து உயர்ந்த கருத்தாகவே தோன்றும். ஆயினும் இதனைச் சற்று ஆழ்ந்து ஆராய்ந்தால், இது ஏழைகளையும் பெண்களையும் மலைவாழ் மக்களையும் ஆட்சி மன்றத்தின் வாசலிலேயே தடுத்து நிறுத்தும் கருத்து என்பது விளங்கும். நமது மார்க்கத்தின் வரலாறும் இக்கருத்திற்குத் துணை நிற்பதில்லை. நாம் வாழும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் நிலையை முன்வைத்தே இதனைச் சிந்திப்போம்.

நடைமுறையில் உள்ள ஊதியம்

முதலில் உண்மை நிலையை அறிந்துகொள்வோம். தமிழக நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் பிரதிநிதிகள் நீண்ட காலமாகக் கூட்டத்திற்குக் கூட்டம் வழங்கப்பட்ட சிறு படித்தொகையை மட்டுமே பெற்று வந்தார்கள். அவர்களுக்கு மாத மதிப்பூதியம் வழங்கப்படும் என்று 2023-ஆம் ஆண்டு சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மாநகராட்சி மேயருக்கு மாதம் 30,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, மாமன்ற உறுப்பினருக்கு 10,000. நகராட்சித் தலைவருக்கு 15,000, துணைத் தலைவருக்கு 10,000, நகர்மன்ற உறுப்பினருக்கு 5,000. பேரூராட்சித் தலைவருக்கு 10,000, துணைத் தலைவருக்கு 5,000, உறுப்பினருக்கு 2,500.

நமது மாவட்டத்தில் மாநகராட்சி இல்லை. ஆகவே மேயரும் இல்லை. கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை ஆகிய மூன்று நகராட்சிகளும், சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம், வடக்கனந்தல், மணலூர்பேட்டை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் உள்ளன. இவற்றுக்கு வெளியே 412 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. கிராம ஊராட்சித் தலைவரின் மாத மதிப்பூதியம் 2,000 ரூபாய். கிராம ஊராட்சியின் வார்டு உறுப்பினருக்கு மாத ஊதியம் என்று எதுவும் இல்லை. கூட்டம் நடந்தால் படி உண்டு, அவ்வளவே. அப்படித்தொகை 2022-இல் பல மடங்கு உயர்த்தப்பட்டது என்பது உண்மை. ஆயினும் கூட்டமில்லாத நாள்களில் அவர் செய்யும் பணிக்கு ஒரு காசும் இல்லை.

இத்தொகைகளை உழைக்கும் மக்களின் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2024–25-ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழகத்திற்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அதன்படி, ஓர் ஊராட்சித் தலைவரின் ஒரு மாத மதிப்பூதியம், அவர் தம் ஊரில் மேற்பார்வையிடும் தொழிலாளி ஏழே நாள்களில் ஈட்டிவிடும் கூலியைவிடக் குறைவு. சங்கராபுரம் பேரூராட்சி உறுப்பினரின் மாத ஊதியம் எட்டு நாட்கூலிக்குக்கூட எட்டவில்லை.

கலீஃபா சந்தைக்குச் சென்ற காலை

பொதுப்பணி செய்பவர் ஊதியம் பெறலாமா என்ற வினா புதியதன்று. நபி (ஸல்) அவர்களுடைய மறைவுக்குப் பின் முதல் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற அபூபக்ர் (ரலி) அவர்கள் துணி வணிகர். பொறுப்பேற்ற பின்னரும் வழக்கம் போலத் துணிகளைத் தோளில் சுமந்துகொண்டு சந்தைக்குப் புறப்பட்டார்கள். வழியில் எதிர்ப்பட்ட உமர் (ரலி), அபூ உபைதா (ரலி) ஆகியோர், மக்களின் விவகாரங்களைச் சுமந்துகொண்டு வணிகமும் செய்வது எவ்வாறு இயலும் என்று கேட்டார்கள். அப்படியானால் என் குடும்பத்திற்கு நான் எதனை உண்ணக் கொடுப்பேன் என்பது அவர்களுடைய மறுவினா. அதன் பின்னரே பைத்துல் மாலிலிருந்து அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்திற்கும் உணவுக்கும் உடைக்கும் போதுமான ஒரு தொகை நிர்ணயிக்கப்பட்டது. தம் தொழில் தம் குடும்பத்திற்குப் போதுமானதாகவே இருந்தது என்றும், இப்போது தாம் முஸ்லிம்களின் பணியில் ஈடுபட்டுவிட்டதால் தம் குடும்பம் இந்தப் பொதுப் பொருளிலிருந்து உண்ணும் என்றும் அவர்கள் விளக்கியதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்க, ஸஹீஹுல் புகாரி பதிவு செய்திருக்கிறது.

இந்நிகழ்ச்சியில் நான்கு நெறிகள் அடங்கியிருப்பதைக் காண்கிறோம். ஒன்று, பொதுப்பணி ஒருவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டால் அவருடைய குடும்பத்தின் தேவையைப் பொது நிதி ஏற்க வேண்டும். இரண்டு, அத்தொகை எவ்வளவு என்பதை அவரே தீர்மானித்துக்கொள்ளாமல் பிறர் தீர்மானிக்க வேண்டும். மூன்று, அது தேவையின் அளவில் நிற்க வேண்டும். செல்வம் சேர்க்கும் வழியாக மாறிவிடக் கூடாது. நான்கு, இறுதியில் கணக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் மரணத் தறுவாயில், பொறுப்பேற்ற பின் தம் வீட்டில் கூடியிருந்த பொருள்களைக் கணக்கெடுத்து, தண்ணீர் சுமக்கும் ஓர் ஒட்டகம் உள்ளிட்ட அனைத்தையும் அடுத்த கலீஃபாவிடம் ஒப்படைக்கச் செய்தார்கள். அதனைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள் என்கிறது வரலாறு.

வசதியுள்ளவர் ஊதியத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன? இதற்கும் விடை உண்டு. அநாதைகளின் சொத்தைப் பராமரிப்பவரைப் பற்றிப் பேசும்போது திருக்குர்ஆன், வசதியுள்ளவர் அதிலிருந்து எடுக்காமல் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்றும், ஏழை நியாயமான அளவில் உண்ணலாம் என்றும் அன்னிஸா அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தில் வழிகாட்டுகிறது. உமர் (ரலி) அவர்கள் பொது நிதியில் தம் நிலையை அநாதையின் பொறுப்பாளருடைய நிலைக்கே ஒப்பிட்டுக்கொண்டார்கள். அதே உமர் (ரலி) அவர்களிடம் அரசுப் பணியாற்றிய இப்னுஸ் ஸஅதீ என்பவர், தமக்கு வசதி இருப்பதால் தம் ஊதியம் முஸ்லிம்களுக்குத் தர்மமாகட்டும் என்று கூறி வாங்க மறுத்தபோது, அவ்வாறு செய்ய வேண்டாம் என்று தடுத்தார்கள். தாமும் ஒரு காலத்தில் அவ்வாறே மறுத்ததையும், அதனைப் பெற்றுக்கொண்டு பின்னர் தர்மம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் தமக்குக் கூறியதையும் நினைவுபடுத்தினார்கள். இதுவும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ள செய்தியே.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்றே நாம் விளங்குகிறோம். பதவிக்கு உரிய ஊதியம் அனைவருக்கும் பொதுவாக நிர்ணயிக்கப்பட வேண்டும். பெற்ற பின் அதனை வைத்துக்கொள்வதா, தர்மம் செய்வதா என்பது அவரவருடைய தக்வாவைப் பொறுத்தது. செல்வந்தர் ஒருவர் மேடையேறி "எனக்குச் சம்பளம் வேண்டாம்" என்று அறிவித்து, அதுவே ஊர் வழக்கமாகிவிட்டால் என்ன நேரும்? அடுத்து வரும் ஏழை உறுப்பினர் தம் ஊதியத்தைக் கையேந்தி வாங்குவது போலக் கூச்சப்பட நேரும். ஒருவருடைய தியாகம் இன்னொருவருடைய உரிமைக்கு விலங்காகிவிடக் கூடாது.

ஊதியம் இல்லாவிட்டால் யார் வருவார்?

இது முஸ்லிம்களின் வரலாற்றில் மட்டும் எழுந்த வினாவன்று. பிரிட்டனில் 1838-இல் தொழிலாளர்கள் முன்வைத்த மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளில் ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஊதியம் வழங்க வேண்டும் என்பது. ஊதியம் இல்லாத மன்றத்தில் நிலக்கிழார்களும் ஆலை முதலாளிகளும் மட்டுமே அமர முடியும் என்பதை அத்தொழிலாளர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். அக்கோரிக்கை நிறைவேற 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டுதான் ஆண்டுக்கு 400 பவுன் என்று முதன்முறையாக நிர்ணயிக்கப்பட்டது.

நம் நாட்டில் 1931-ஆம் ஆண்டு கராச்சி காங்கிரஸ் மாநாடு, பொது ஊழியர் எவருக்கும் பொதுவாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஊதியம் கூடாது என்று தீர்மானித்தது. அத்தீர்மானத்தை எடுத்துக்காட்டி, ஊதியமே கூடாது என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். ஆனால் அது உச்சவரம்பை விதித்த தீர்மானமே அன்றி, ஊதியத்தை மறுத்த தீர்மானமன்று. 1937-இல் அமைந்த காங்கிரஸ் அமைச்சரவைகள் அந்த 500 ரூபாயைப் பெற்றுக்கொண்டே பணியாற்றின.

அண்மைய எடுத்துக்காட்டு கும்பகோணம். மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த பின் 2022-இல் அந்நகரின் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கே. சரவணன், ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவர். அச்செய்தியை அன்று நாடே வியந்து பேசியது. வியந்தவர்களுள் எத்தனை பேர், நாளெல்லாம் மாநகராட்சி அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் மாலையில் வீட்டிற்கு எதனை எடுத்துச் செல்வார் என்று சிந்தித்தார்கள்? மாத மதிப்பூதியம் நடைமுறைக்கு வந்ததோ அதற்கு ஓராண்டிற்கும் மேல் கழித்துத்தான். ஆட்டோ ஓட்டுநர் மேயராவது நமக்குப் பெருமை என்றால், அவர் மேயராகவே வாழ்வதற்கு வழி செய்வதும் நமது கடமையாகும்.

நமது சமுதாயத்தையே எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் நம்மவர்களுள் பெரும்பாலோர் சிறு வணிகர்கள், தையல் தொழிலாளர்கள், பழ வண்டி தள்ளுவோர், வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைப்போரின் குடும்பத்தினர். கடையைப் பூட்டிவிட்டு நகராட்சி அலுவலகத்திற்குச் சென்று தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் அரை நாள் காத்திருந்தால், அந்த அரை நாள் வருமானம் போனது போனதுதான். இந்நிலையில் மன்றத்திற்குச் செல்லக் கூடியவர் யார்? கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருப்பவர் மட்டுமே. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் வாடகை வீட்டில் குடியிருப்பவரின் சிரமமும், மழைக்காலத்தில் வீட்டிற்குள் சாக்கடை நீர் புகும் தெருவின் துன்பமும் அவருக்குச் செவிவழிச் செய்தியாகவே இருக்கும்.

பெண்களின் நிலை இதனினும் முக்கியமானது. தமிழக உள்ளாட்சி மன்றங்களில் சரி பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. ஆனால் ஒதுக்கீடு நாற்காலியைத்தான் தந்தது; பல இடங்களில் அதிகாரம் "தலைவரின் கணவர்" என்ற, சட்டத்தில் இல்லாத ஒரு பதவிக்குச் சென்றுவிட்டது. பேருந்துக் கட்டணத்திற்கும் கைப்பேசிச் செலவுக்கும் கணவரிடமோ மகனிடமோ கை நீட்ட வேண்டிய ஒரு பெண்மணி, மன்றத்தில் அவர்களுடைய விருப்பத்திற்கு மாறாக எவ்வாறு குரல் கொடுப்பார்? அவருடைய பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் மாதந்தோறும் வந்து சேரும் ஒரு நியாயமான தொகை அவரை உண்மையான பிரதிநிதியாக்கும் முதற்படி. பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே உரியது என்று பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே உரிமை தந்த மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இதில் தயக்கம் இருக்கலாகாது.

மலையை எட்டாத கணக்கு

இப்போது நமது மாவட்டத்தின் மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையை நோக்குவோம். கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து மலைப்பாதையில் ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை என ஊர்கள் வருகின்றன. இன்னாடு, சேராப்பட்டு என்று இன்னும் பல ஊர்கள் மலையெங்கும் சிதறிக் கிடக்கின்றன. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இம்மலை தலைமுறை தலைமுறையாக ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. அரசு அதனை முழுமையாகத் தன் நிர்வாகத்திற்குள் கொண்டுவந்தது 1976-இல்தான். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின். தங்களை ஆள்வோரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை அம்மக்களுக்கு அத்துணை தாமதமாகவே கிட்டியது.

இன்று கல்வராயன்மலை ஊராட்சி ஒன்றியத்தில் 15 ஊராட்சிகள் உள்ளன. சமவெளியில் ஒரு வார்டு என்பது நான்கு தெருக்கள். உறுப்பினர் மாலை நேரத்தில் நடந்தே சுற்றி வந்துவிடலாம். மலையிலோ ஓர் ஊராட்சிக்கு உட்பட்ட குக்கிராமங்கள் வெவ்வேறு குன்றுகளில் இருக்கின்றன. இடையில் ஓடையும் காடும் குறுக்கிடுகின்றன. பேருந்து எட்டாத ஊர்களும் உண்டு. ஒரு சாதிச் சான்றிதழுக்காகவோ முதியோர் உதவித்தொகைக்காகவோ ஒருவரை அழைத்துக்கொண்டு ஊராட்சித் தலைவர் கள்ளக்குறிச்சியிலுள்ள ஆட்சியர் அலுவலகத்திற்கு வர வேண்டுமானால், அன்றைய மரவள்ளிக்கிழங்குக் காட்டு வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். மாதத்தில் நான்கு முறை அவ்வாறு இறங்கி ஏறினால், மதிப்பூதியம் வழிச்செலவிலேயே கரைந்துவிடும்.

ஆக, யாருக்குத் தொலைவு மிகுதியோ, யாருடைய மக்களுக்குத் தேவை மிகுதியோ, அவருக்கே ஊதியம் மிகக் குறைவு. மலைப்பகுதிகளில் பணியாற்றும் அரசு ஊழியர்களுக்கு மலைப்படி என்று ஒன்று இருக்கிறது. மலை ஏறுவது ஊழியருக்குச் சிரமம் என்பதை ஏற்கும் அரசு, மலையிலேயே வாழ்ந்து மலை மக்களுக்காக நடப்பவரின் சிரமத்தை ஏற்காதது என்ன நியாயம்?

மாநகராட்சி மேயருக்கும் கிராம ஊராட்சித் தலைவருக்கும் இடையே தமிழகத்தில் உள்ள ஊதிய வேறுபாடு பதினைந்து மடங்கு. அண்டை மாநிலமான கேரளத்தில் 2016-இல் மதிப்பூதியம் இரட்டிப்பாக்கப்பட்டபோது மேயருக்கு 15,800 ரூபாயும், கிராம ஊராட்சித் தலைவருக்கு 13,200 ரூபாயும், கிராம ஊராட்சி உறுப்பினருக்கு 7,000 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டன. கேரளத்தின் ஊராட்சிகள் நம்முடையவற்றைவிட மக்கள்தொகையில் மிகப் பெரியவை. ஆகவே இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது சரியன்று. ஆயினும் அங்கே ஏணியின் கீழ்ப்படிக்கும் மேற்படிக்கும் இடையே ஒருவர் கால் வைக்கக் கூடிய தொலைவுதான் இருக்கிறது. இங்கே நடுப்படிகளே இல்லை.

மக்களின் பக்கத்தில் நிற்கும் பிரதிநிதி சுதந்திரமானவராக இருக்க வேண்டியதன் அவசியத்தை நமது ஊர் பெரும் விலை கொடுத்து உணர்ந்திருக்கிறது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் நடுவே, கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பின்னரே கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சாலையும் மருத்துவமும் பள்ளியும் அம்மலைக்கு எவ்வளவு எட்டியிருக்கின்றன என்று அரசிடம் வினவியது. அத்துயரத்திற்காக எந்த உறுப்பினரையும் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஒரு தெருவில் என்ன விற்கப்படுகிறது, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்குச் செல்லவில்லை என்பதை முதலில் அறிபவர் அத்தெருவின் பிரதிநிதியே என்பதைத்தான் நினைவூட்டுகிறோம். அவர் எவருடைய தயவிலும் வாழாதவராக இருந்தால்தான் அறிந்ததை அஞ்சாமல் உரக்கச் சொல்ல முடியும்.

"அவர்கள்தான் ஏற்கெனவே சம்பாதிக்கிறார்களே!"

இது மக்கள் எழுப்பும் வலுவான மறுப்பு. ஒப்பந்தத்தில் பங்கு, கட்டட அனுமதிக்குக் கையூட்டு, குடிநீர் இணைப்புக்கு அன்பளிப்பு என்று வாங்குவோருக்கு ஊதியமும் தர வேண்டுமா என்று கேட்கிறார்கள். இக்கோபம் நியாயமானது. ஊதியத்தை உயர்த்திவிட்டால் ஊழல் ஒழிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. தமிழகச் சட்டமன்ற உறுப்பினர்களின் மாத வருவாய் 2017-இல் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதனால் மட்டும் அரசியல் தூய்மையடைந்துவிட்டது என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

ஆனால் ஊதியம் ஒரு கோட்டைக் கிழிக்கிறது. ஒரு பணிக்கு ஒருவரை நியமித்து, அதற்கு உரிய வாழ்வாதாரத்தையும் வழங்கிய பின் அவர் அதற்கு மேல் எடுப்பது மோசடி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அதில் முன்னே நிற்பது "வழங்கிய பின்" என்ற நிபந்தனை. ஜகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் பெற்றோரின் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். நமது நகராட்சி அலுவலகங்களுக்கும் பொருந்தும் கேள்வி அது. நியாயமான ஊதியத்தைக் கொடுத்துவிட்ட சமூகமே இக்கேள்வியை உரிமையோடு கேட்க முடியும். பட்டினி போட்டுவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது நம் பக்கத்து அநீதி.

இதில் வாக்காளர்களாகிய நமக்கும் பங்கு இருக்கிறது. 2022 தேர்தலில் ஒரு பேரூராட்சி உறுப்பினர் வேட்பாளர் செலவிடலாம் என்று தேர்தல் ஆணையம் அனுமதித்த உச்சவரம்பு 17,000 ரூபாய். அவர் ஐந்தாண்டு முழுவதும் ஊதியம் பெற்றாலும் மொத்தம் 1,50,000 ரூபாய்தான் வரும். அப்படியிருக்க, தெருவெங்கும் பணமும் பொருளும் இறைத்து வெற்றி பெறுபவர் அதனை எங்கிருந்து மீட்பார்? நமது குழாயிலிருந்தும் சாலையிலிருந்தும் சாக்கடையிலிருந்தும்தான். வாக்குக்குப் பணம் பெறுவது லஞ்சம். அது ஹராம் என்று ஆலிம்கள் மிம்பரில் நின்று எச்சரிக்கிறார்கள். அந்த ஹராம் நம் வீட்டு வாசலுக்கு வரும்போது கதவைச் சாத்துகிறோமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

செலவு எவ்வளவு?

மக்கள் வரிப்பணம் வீணாகிறது என்பது இன்னொரு மறுப்பு. கணக்கிட்டுப் பார்ப்போம். கள்ளக்குறிச்சி நகராட்சியில் தலைவர், துணைத் தலைவர் உட்பட 21 உறுப்பினர்கள். இவர்கள் அனைவருக்குமான ஒரு மாத மதிப்பூதியம் 1,20,000 ரூபாய். ஆண்டுக்கு 14,40,000 ரூபாய். 2011 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 52,000-க்குச் சற்று மேல். ஆக, ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 27 ரூபாய். இரண்டு தேநீரின் விலை.

மாநிலத்திலுள்ள 12,525 கிராம ஊராட்சித் தலைவர்களுக்கும் பேரூராட்சித் தலைவருக்கு நிகராக 10,000 ரூபாய் வழங்கினால், கூடுதலாக ஆகும் செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 120 கோடி ரூபாய். தனியாகப் பார்த்தால் பெருந்தொகைதான். ஆண்டுக்கு மூன்று லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிடும் ஓர் அரசின் கணக்கில் இது எவ்வளவு என்பதை நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளலாம். அந்தச் செலவினத்தில் பெரும்பகுதி மக்களைச் சேர்கிறதா இல்லையா என்பதைக் கண்காணிக்க வேண்டியவர்களே இப்பிரதிநிதிகள்தாம்.

நாம் வேண்டுவது

முதலாவதாக, கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் வரை அனைவருக்கும் மாத மதிப்பூதியம் வேண்டும். மலை ஊராட்சிகளுக்குப் பயணப்படி தனியே வேண்டும். இரண்டாவதாக, ஊதியம் எவ்வளவு என்பது தேர்தல் நெருங்கும்போது வெளியாகும் அறிவிப்பாக இருக்கக் கூடாது. அரசியலமைப்பின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படும் மாநில நிதி ஆணையத்திடம் அப்பொறுப்பை ஒப்படைத்து, பணியின் அளவையும் தொலைவையும் விலைவாசியையும் கருதித் தொகையைப் பரிந்துரைக்கச் செய்யலாம். அபூபக்ர் (ரலி) அவர்களுக்குப் பிறர் நிர்ணயித்த அந்நெறியின் இக்கால வடிவம் அதுவாக இருக்கும். மூன்றாவதாக, ஒவ்வொரு பிரதிநிதியின் ஊதியமும், அவர் கலந்துகொண்ட கூட்டங்களின் எண்ணிக்கையும், பதவியேற்றபோதும் விலகும்போதும் அவருக்கிருந்த சொத்தும் அலுவலக வாசலில் எழுதி வைக்கப்பட வேண்டும். கொடுப்பதில் தாராளமும் கேட்பதில் கண்டிப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

நான்காவது, அரசிடம் அல்ல, நம்மிடமே வேண்டுவது. "சேவைக்குச் சம்பளம் எதற்கு" என்ற அதே மனப்பான்மைதான் நமது பள்ளிவாசல்களில் இமாமையும் மோதினாரையும் குறைந்த சம்பளத்தில் வைத்திருக்கிறது. ஐந்து வேளையும் தவறாமல் நிற்க வேண்டிய ஒருவரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் எங்கிருந்து வரும் என்று ஜமாஅத் கூட்டத்தில் கேட்போர் சிலரே. மக்கள் பிரதிநிதிக்கு நியாயமான ஊதியம் கோரும் நாம், நம் கையில் இருக்கும் நிர்வாகத்திலிருந்தே அதனைத் தொடங்குவோமாக.

நமது வீடுகளில் சமூக அக்கறையுள்ள பெண்கள் இருக்கிறார்கள்; படித்துவிட்டு ஊர் நன்மைக்காக ஏதேனும் செய்யத் துடிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மலையிலும் அத்தகையோர் இருக்கிறார்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் வரும்போது, "நமக்கு இது கட்டுப்படியாகாது" என்று அவர்கள் ஒதுங்கிவிடாத நிலை வேண்டும். பொறுப்பு ஓர் அமானிதம். அமானிதத்தைச் சுமப்பவரின் வயிற்றைக் காய விடாதிருப்பது அதனை ஒப்படைத்தவர்களின் கடமை. ஒப்படைத்ததற்குக் கணக்குக் கேட்பது அவர்களின் உரிமை.

நேர்மையானவர்களை நமக்குப் பொறுப்பாளர்களாக ஆக்கி, அவர்களுக்கு ஹலாலான வாழ்வாதாரத்தில் பரகத் செய்வானாக! நம்மையும் நம் சந்ததியினரையும் பொதுப் பொருளில் கை வைக்கும் தீமையிலிருந்து அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.